பொருந்தாத விளிம்புகள்

ஸ்கிராட்சில் நான் ரசிப்பது அதன் கட்டைகளின் வடிவத்தை. எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் பொதுவில் வெளியிட்ட இந்த மென்பொருளில் நிரலைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை இழுத்துக் கோத்தால் போதும். இலக்கணம் முழுக்க விளிம்பிலேயே இருக்கிறது. நிரலைத் தொடங்கிவைக்கும் கட்டைக்கு உச்சி வளைந்திருக்கும். அதன் தலையில் எதுவும் ஏறாது. ஆம், இல்லை என்று விடை தரும் நிபந்தனைக்கு அறுகோணக் குழி. முனை உருண்ட எண் கட்டையை அங்கே எவ்வளவு திணித்தாலும் உட்காராது.

எல்லாவற்றையும்விட அழகு, ஓயாமல் சுற்றும் ‘ஃபாரெவர்’ கட்டை. அதன் அடி மட்டம் வழவழவென்று தட்டையாக இருக்கும்; மாட்டுவதற்குப் புடைப்பே கிடையாது. முடியவே முடியாத வேலைக்குப் பிறகு அடுத்த வேலை ஏது? எழுத்து நிரலில் முடிவில்லாச் சுழற்சிக்குப் பிறகு இன்னொரு வரியைச் சேர்த்தால் பல மொழிகள் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ளும்.

கட்டைகள் நூறைத் தாண்டினால் தேடியே கை சலித்துவிடும் என்பதும் உண்மைதான்; பெரிய வேலைக்குத் தட்டச்சே லாயக்கு. ஆனால் திரையில் நடக்கும் ஒரு பூனையை ஓரத்தில் முட்டித் திரும்பவைக்க நாலு கட்டை போதும். திரும்பும்போது அது தலைகீழாக நடக்கும். சுழலும் முறையை இடம்-வலமாக மாற்றும்வரை பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.