இருவருக்கு ஒரு மீன் சட்டி

இரண்டு பேருக்கு மட்டும் மீன் குழம்பு வைப்பது தமிழ்நாட்டுச் சமையலில் கொஞ்சம் சங்கடமான வேலை. நாலு துண்டு மீன் போதும் என்றுதான் ஆரம்பிப்போம். புளியைக் கரைத்து, தூளைப் போட்டு அடுப்பில் ஏற்றினால், பச்சை வாசனை போவதற்குள் சட்டியின் அடி தெரிந்துவிடும். இன்னொரு டம்ளர் தண்ணீர் விடுவோம். புளிப்பு குறையும். இன்னும் கொஞ்சம் புளி, இன்னும் கொஞ்சம் தூள். கடைசியில் ஆறு பேருக்கான குழம்பில் நாலு துண்டு மீன் கிடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து வீடுகளில் அதே நாலு துண்டை இரவு இடியப்பத்துக்கு அரை மணி நேரத்தில் கறியாக்கிச் சாப்பிட்டு, சட்டியை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

ஈழத்துச் சாப்பாடு என்றதும் நம்மவர்கள் அதன் காரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். செட்டிநாட்டுக் காரம் பழகிய நாக்குக்கு அது ஒன்றும் புதிதல்ல. தேங்காய் எந்த உருவில், எந்த நேரத்தில் சட்டிக்குள் போகிறது என்பதில்தான் இரண்டு கரைகளும் பிரிகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை பேருக்குச் சமைக்கலாம், எப்போது சாப்பிட வேண்டும், மிச்சத்தை என்ன செய்வது என்பதெல்லாம் அதைத் தொடர்ந்து வருகிற விஷயங்கள்.

முதலில் நம் பக்கம். சென்னையிலும் வட மாவட்டங்களிலும் பல வீடுகளில் மீன் குழம்புக்குத் தேங்காயே கிடையாது. நல்லெண்ணெய், தாளிப்பு வடகம், பூண்டு, தக்காளி, கெட்டியான புளி, மில்லில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூள், அவ்வளவுதான். தெற்கே போகப் போகத் தேங்காய் உள்ளே வருகிறது. தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் தேங்காயைச் சீரகம், சின்ன வெங்காயத்தோடு அம்மியில் மையாக அரைத்து ஊற்றுவார்கள் (இப்போது மிக்சி). அரைத்த தேங்காய் கொதிக்கு அஞ்சாது. கொதித்தால்தான் அதற்கு ருசியே. “எண்ணெ தெளிஞ்சு மேல நிக்கட்டும், அதுக்கு முன்ன எறக்கிராத” என்பது தூத்துக்குடியில் என் சித்தி சொல்லும் கணக்கு. குழம்பு திரண்டு எண்ணெய் பிரியும் நேரத்தில் மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் புளி விட்ட குழம்பு உண்டு. வறுத்து அரைத்த கறித்தூள் போட்டு, பழப்புளி கரைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து வைக்கும் அந்தக் குழம்பு நம்முடையதற்குச் சித்தப்பா மகன். ஆனால் இருவருக்கான இரவுச் சாப்பாடு என்று வரும்போது நான் பார்க்கச் சொல்வது மீன் சொதியை.

எங்கள் தெருவில் பருத்தித்துறையிலிருந்து வந்து வளசரவாக்கத்தில் தங்கிவிட்ட ஓர் அம்மா இருக்கிறார். அவர் வைக்கிற விதம் இது. அரை மூடித் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்து முதற்பாலைத் தனியே வைத்துவிடுவார். அதே துருவலில் இன்னும் ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு எடுத்த இரண்டாம் பால் சட்டிக்குப் போகும். அதில் ஆறேழு சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் இரண்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை. வெங்காயம் வெந்ததும் மீன். மீன் வெந்ததும் தீயைக் குறைத்து முதற்பால். அதற்குப் பிறகு அகப்பையால் மெல்ல ஆற்றிக்கொண்டே இருப்பார். ஓரத்தில் சின்னச் சின்னதாய் நுரை கட்டத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுவார். “தம்பி, முதற்பால் விட்டாப்பிறகு கொதிக்க விடாதேங்கோ. திரைஞ்சு போயிடும்.” சட்டி இறங்கிச் சற்று ஆறியபின்தான் தேசிக்காய்ப் புளி, அதாவது நம் எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போது ஒரு சொட்டும் விடமாட்டார்.

இதற்குக் காரணம் எளியது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு பொடிப் பொடித் துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அந்தத் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருப்பது தேங்காயின் புரதம். கொதி ஏறினால் புரதம் திரண்டுவிடும். புளிப்பும் சேர்ந்தால் இன்னும் விரைவாகத் திரளும். கொழுப்பு தனியே, தண்ணீர் தனியே. சித்தியின் சட்டியில் எண்ணெய் பிரிவது பக்குவத்துக்கு அடையாளம். பருத்தித்துறை அம்மாவின் சட்டியில் எண்ணெய் பிரிந்தால் சொதி கெட்டது என்று பொருள். இரண்டு பேருக்கும் ஒரே தேங்காய், ஒரே மீன்.

சொதி ஏன் இரண்டு பேருக்கு ஏற்றது என்பதும் இதில் இருக்கிறது. கொதிக்கவைத்துச் சுண்டவைக்க வேண்டியது ஒன்றுமில்லை. போகவேண்டிய பச்சை வாசனை இல்லை. ஊற்றிய அளவே கிடைக்கும் அளவு. ஒரு ஆளுக்கு வேண்டுமென்றால்கூடக் கால் மூடித் தேங்காயில் வைக்கலாம். ஆனால் மறுநாளைக்கு அது ஆகாது. நம் வெயிலில் தேங்காய்ப்பால் விட்ட கறி காலைக்குள் நொந்துவிடும், குளிர்பெட்டியில் வைத்துச் சுடவைத்தாலோ திரைந்துவிடும்.

நம் புளிக்குழம்பு நேர்மாறு. அது நாளைக்காகவே வைக்கப்படுவது. புளியும் உப்பும் எண்ணெயும் கெடாமல் பார்த்துக்கொள்ளும். ஊறிய மீன் மறுநாள் இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் மீன் பெரும்பாலும் மதியச் சோற்றுக்கான சமையல். இரவுக்குத் தோசையை ஊற்றி, மதியக் குழம்பைச் சூடுபண்ணினால் வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்து இரவு இடியப்பத்துக்கும் புட்டுக்கும் உரியது. அரிசிமாவை நீத்துப்பெட்டியில் அவித்து எடுத்த புட்டு தொண்டையில் இறங்க ஏதாவது ஈரம் வேண்டும். அந்த ஈரம்தான் சொதி. சென்னையில் சாயங்காலம் சைக்கிளில் இடியாப்பம் விற்றுக்கொண்டு வருகிறவரிடம் வாங்கி, நாமும் அதன்மேல் தேங்காய்ப்பால்தான் ஊற்றுகிறோம், சர்க்கரை போட்டு. அதே பாலுக்குள் ஒரு பாரைத் துண்டைப் போடலாம் என்பது இந்தக் கரையில் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றவில்லை என்பதைவிட, தோன்றியவர்கள் மீன் சாப்பிடாதவர்களாக இருந்தார்கள் என்று சொல்வது சரியாக இருக்கும். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்த மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். முதற்பால், இரண்டாம் பால் என்று அதே வரிசை, அதே எச்சரிக்கை, இறக்கிய பின் எலுமிச்சை. மீனுக்குப் பதில் காய்கறியும் பாசிப்பருப்பும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அங்கே ஆண்டில் சில நாள் விருந்தாக இருப்பது யாழ்ப்பாணத்தில் அன்றாடம்.

இலங்கை ஒரு விதம், இந்தியா ஒரு விதம் என்று இதைக் கோடு போட்டுப் பிரிக்கவும் முடியாது. தீவின் தெற்கே சிங்களவர் அம்புல் தியல் செய்வார்கள். சூரை மீனைக் கட்டம் கட்டமாக வெட்டி, அரைத்த கொறக்காப் புளியும் மிளகும் உப்பும் புரட்டி, தண்ணீர் முழுக்க வற்றும்வரை வைப்பது. கறுத்து, காய்ந்து, குளிர்பெட்டி இல்லாமலே பல நாள் இருக்கும். நாளைக்காகச் சமைப்பதில் நம் குழம்பை அது தோற்கடித்துவிடும். அந்தக் கொறக்காவும் கேரளத்து மீன் கறியில் போடும் குடம்புளியும் ஒரே மரத்துக் காய். மொழியும் நாடும் வேறாக இருக்க, புளி ஒன்றாக இருக்கிறது.

பொரிப்பதில் மட்டும் நான் தயங்காமல் தமிழ்நாட்டின் பக்கம் நிற்பேன். யாழ்ப்பாணத்தில் மீன் பொரியல் என்றால் தாச்சி நிறைய எண்ணெய். மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய துண்டு முங்கிப் பொரிய வேண்டும். மொறுமொறுப்பு அபாரம்தான். ஆனால் இரண்டு பேருக்கு நாலு துண்டு பொரித்துவிட்டு, மீன் வாசனை ஏறிய கால் லிட்டர் எண்ணெயை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டும். நம் வீட்டில் தோசைக்கல் போதும். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சை பிசறி அரை மணி ஊறவைத்த துண்டுகளைக் கல்லில் போட்டு, சுற்றி இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் ஆயிற்று. ஒரே விஷயம், அடிப்பக்கம் தானாகக் கல்லை விட்டுக் கழன்று வரும்வரை தோசைத் திருப்பியை உள்ளே நுழைக்கக் கூடாது. அவசரப்பட்டால் மசாலா கல்லிலும் மீன் தட்டிலும் தனித்தனியாக இருக்கும்.

மீன் வாங்கப் போகாத நாளில் என்ன செய்கிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. இலங்கையில் அதற்கு விடை டின் மீன். 425 கிராம் டின் ஒன்றைத் திறந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதக்கி, கறித்தூள் போட்டுக் கொட்டிக் கிளறினால் பத்து நிமிடத்தில் கறி. பக்கத்தில் ஒரு றாத்தல் பாண், அதாவது ரொட்டி. கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற இருவருக்கு இதைவிட எளிய கடல் உணவு இல்லை. தமிழ்நாட்டில் டின் மீனை யாரும் மதிப்பதில்லை. மதிக்காதது சரி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மழைக்கால இரவில் சூடான பாணோடு ஒரு முறை கிடைத்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நம் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது கருவாடு. ஆனால் அதைக் கழுவி, ஊறவைத்து, கத்திரிக்காயோ முருங்கைக்காயோ போட்டுக் குழம்பு கூட்டுவது அவசர வேலை அல்ல. தவிர, அடுக்குமாடிக் குடியிருப்பில் கருவாடு வறுப்பவருக்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

மீன் கிடைக்கிற காலமும் இரு கரையிலும் ஒன்றல்ல. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 45 நாளாக இருந்த தடை 2017 முதல் 61 நாள். அந்த இரண்டு மாதம் வஞ்சிரத்தின் விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கொண்டுவரும் நெத்திலி, மத்தி போதும், மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்புக்கு அதுதான் பருவம். இலங்கை அதே 2017இல் இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. பாக் நீரிணையில் நம் விசைப்படகுகள் எல்லை தாண்டி இழுத்துக்கொண்டு போனால் வடக்கு மாகாணத்துச் சிறு மீனவரின் வலை கிழிகிறது. இராமேசுவரத்து மீனவர் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறார். அறக்குளா என்று அங்கேயும் வஞ்சிரம் என்று இங்கேயும் விலை பேசுகிற மீனுக்குப் பின்னால் இந்தச் சண்டை இருக்கிறது. விரதக் காலத்தில் இரு பக்கமும் மீன் விலை இறங்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல். சென்னையில் புரட்டாசி, யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்.

இருவருக்குச் சமைக்கவே முடியாத கடலுணவும் உண்டு. ஒடியல் கூழ். காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா, மீன், நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, புளி, அரைத்த செத்தல் மிளகாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பானை தானாகவே இருபது பேருக்கு நிறைந்துவிடும். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து பனையோலைப் பிளாவில் குடிப்பது. பனைக்குப் பேர்போன நம் தூத்துக்குடி, இராமநாதபுரத்தில் பெரும்பாலும் கிழங்கை அவித்துத் தின்பதோடு நிறுத்திக்கொண்டோம். கடலும் பனையும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இங்கே அது ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், பிடிபடவில்லை.

இருவருக்கான இரவுக்கு என் வீட்டில் இரண்டு கரையையும் கலந்துகொள்கிறோம். முக்கால் கிலோ விளைமீன் ஒன்று. வெட்டுகிறவரிடம் தலையை இரண்டாகப் பிளந்து, வாலையும் தனியே தரச் சொல்லிவிட வேண்டும். நடுத்துண்டு நாலையும் மசாலா பிசறி ஊறவைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்காரலாம். தலையும் வாலும் சொதிக்கு, ஏனென்றால் எலும்போடு ஒட்டிய சதையும் கன்னத்துச் சதையும்தான் பாலுக்கு ருசி கொடுக்கும். சொதி ஒரு அடுப்பில் நுரை கட்டிக்கொண்டிருக்கும்போதே மற்ற அடுப்பில் தோசைக்கல்லைக் காயவைக்கலாம். இடியாப்பம் கடையில் வாங்கியது. வறுத்த துண்டில் ஒன்று மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் ரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். சொதி மிஞ்சக் கூடாது. மிஞ்சும்போலத் தெரிந்தால் இன்னும் இரண்டு இடியாப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.