சேதுக் காசும் ஆட்சிக் கருத்துநிலையும்

சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையிற் கிடைத்த உரோம நாணயங்களை வணிகச் சான்றாகவே நம் ஆய்வாளர் பெரிதும் நோக்கினர். ஆயின் கி.மு. 44இல், உயிரோடிருந்த சீசரின் முகம் வெள்ளித் தெனாரியசிற் பொறிக்கப்பட்டமை வணிகத் தேவையாலன்று; தனியொருவனின் அதிகாரத்தைக் குடியரசின் மக்களுக்குப் பழக்குதற்கே.

ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக் காசுகளையும் நாம் இவ்வாறு நோக்குதல் தகும். நந்தியும் அதன் கீழ் 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் அவற்றில் உள்ளன. அவைக்களத்துச் சோதிட நூலாகிய செகராசசேகரமாலையும் அம்மன்னரைச் சேதுவோடு இணைத்தே போற்றுகிறது. நூல் கற்றோர் சிலரையே எட்டும். காசோ உப்பு வாங்கும் உழவனையும் எட்டும். எழுத்தறியாதவனுக்கு நந்தி போதும்!

இக்காசு எந்தச் செகராசசேகரனுடையது என்னும் விவாதத்தில் நாம் காலங்கழித்துவிட்டோம். அவற்றுட் பெரும்பாலானவற்றில் மன்னன் பெயரே இல்லை. சீசருக்கு முகம் வேண்டியிருந்தது. இங்கோ வரி கொண்டவன் தலத்தின் காவலனாகத் தோன்றுதலே போதுமாயிருந்தது. உழவனின் விளைச்சல் அரண்மனைக்குச் சென்ற வழி அப்பெயரால் மறைக்கப்பட்டது.