உறவும் ஒற்றுமையும்: தமிழில் ஒப்பியல் மொழிநூலின் அளவுகோல்

மேகமலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், ஒப்பியல் மொழிநூலின் முதல் பாடத்தைச் செவியாலேயே கற்கலாம். தமிழ் பேசுவோரின் அண்டை வீட்டில் கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாக இருக்கிறது. குமுளி தாண்டினால் மலையாளம். மலைச்சரிவுகளில் பளியர்களின் பேச்சு. நாம் பால் என்பதைக் கன்னட வீட்டில் ஹாலு என்பார்கள். பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு, பெயர் ஹெசரு. ஒரு சொல் ஒத்துப்போவது இங்கே பெரிதில்லை. நம் சொல்முதற் பகரம் அங்கே வரிசையாக ஹகரமாக நிற்கிறது என்பதுதான் சான்று. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அந்தப் பகரம் அப்படியே இருக்கிறது. மாற்றம் பின்னால் நேர்ந்தது என்பதைக் கல்லே சொல்கிறது. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் இந்த ஒலி வேறுபாடே மொழியுறவுக்குத் தலையாய சான்று என்பது என் வாதம். ஒலியொப்புமை எவ்வளவு இனித்தாலும் அது இரண்டாம் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

தமிழை ஒப்பிட்டு ஆராய்ந்த மரபுக்கு இருநூறு ஆண்டு வயது. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்து பணியாற்றிய எல்லிஸ், 1816இல் கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்குறிப்பில், தென்மொழிகள் சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடையவை என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். அவருக்குத் துணைநின்றவர்கள் அச்சங்கத்தின் பட்டாபிராம சாத்திரி போன்ற உள்நாட்டுப் புலவர்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1856இல், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். வேற்றுமை உருபு, எண்ணுப்பெயர், வினைமுற்று என மொழியின் எலும்புக்கூட்டையே அவர் ஒப்பிட்டதால் அந்த நூல் இன்றும் நிற்கிறது. ஆனால் அதே நூலில், திராவிட மொழிகளுக்குச் 'சித்திய' மொழிகளோடு உறவு உண்டு என்று அவர் சொன்ன பகுதி நிற்கவில்லை. எழுதியவர் ஒருவரே, சான்றின் தரம்தான் வேறு. பின்னர் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, கால்டுவெல்லின் வலுவான பக்கத்தைச் சொல் சொல்லாக விரித்தது.

இரண்டாவது மரபு நல்லூர் ஞானப்பிரகாசரும் தேவநேயப் பாவாணரும் வளர்த்தது. பாவாணரின் 'ஒப்பியன் மொழிநூல்' 1940இல் வந்தது. ஒரு தமிழ் வேரிலிருந்து எத்தனை சொற்கள் கிளைக்கின்றன என்று காட்டுவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். அந்தப் பகுதியை நான் நன்றியோடு படிக்கிறேன். தமிழே உலக மொழிகளுக்கு மூலம் என்று அவர் வெளியே அடியெடுத்து வைக்கும்போதுதான் என் தயக்கம் தொடங்குகிறது. தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு கண்ட சுசுமு ஓனோவின் ஆய்வைப் பற்றியும் எனக்கு இதே தயக்கம் உண்டு. அவருடைய ஒலி இணைகள் போதிய இறுக்கம் இல்லாதவை என்று சப்பானிய மொழியறிஞர்களே மறுத்தார்கள்.

இந்த முறைகளைச் சோதிக்க வெகுதொலைவில் உள்ள இரு மொழிகளை எடுத்துக்கொள்ளலாம்: பிரிட்டன் தீவின் மேற்கோரத்து வேல்சு மொழி, நம் முன்னோர் கப்பலேறிப் போன பர்மாவின் மொழி. முன்னது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளை; பின்னது சீன-திபெத்தியக் குடும்பம். இரண்டையும் செவியொப்புமையால் மட்டும் அளந்து பாருங்கள். பர்மியத்தில் 'ஙா' என்றால் நான், 'நின்' என்றால் நீ, 'அமே' என்றால் அம்மா. செயப்படுபொருளுக்கும் போய்ச்சேரும் இடத்துக்கும் பெயரின் பின் ஒட்டும் உருபு 'கோ', நம் 'கு' போல. வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். இதைவிட இனிய பட்டியல் கிடைக்குமா? வேல்சிலும் அம்மா 'மாம்', தந்தை 'டாட்'. பர்மியம் தமிழின் தங்கை, வேல்சு அதன் பேத்தி என்று ஒரு மாலைக்குள் நூல் எழுதிவிடலாம்.

ஆனால் ஒழுங்கைத் தேடினால் படம் மாறுகிறது. பர்மியத்தின் ஙாவுக்குத் திபெத்தியத்தில் அதே ஙா. எழுத்துப் பர்மியத்தில் மூன்று 'சும்', திபெத்தியத்திலும் 'சும்'. வேல்சில் தலை 'பென்', மகன் 'மாப்'. ஐரிசில் 'க்யான்', 'மாக்'. வேல்சின் பகரத்துக்கு ஐரிசின் ககரம், நம் பாலுக்கு ஹாலு போலவே. தமிழோடு வைத்தால் இப்படி ஒரு வரிசைகூட அமைவதில்லை. வேல்சையும் பர்மியத்தையும் தமிழுக்கு உறவாக்கிவிடும் ஒரு முறை, வேறெந்த மொழியைப் பற்றிச் சொன்னாலும் அதை நம்ப இடமில்லை.

இது மேலைநாட்டார் அளவுகோல், நாம் ஏன் வளைய வேண்டும் என்று கேட்போர் உண்டு. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பிரித்து, சொல் எங்கிருந்து வந்தது என்று நம் மரபிலேயே கேட்டவர் தொல்காப்பியர். வந்த சொல்லையும் சொந்தச் சொல்லையும் கலக்கக்கூடாது என்ற கவனம் நம்முடையது. சன்னல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததால் நாம் போர்த்துக்கீசியருக்கு உறவாகவில்லை. சாளரத்துக்கு இலத்தீன் சொல்லை வாங்கிக்கொண்ட வேல்சுக்காரர் பிறப்பால் இலத்தீனர் ஆகவும் இல்லை. பல்லாயிரம் ஆண்டில் சான்று தேய்ந்திருக்கலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. இருக்கலாம். அப்போது 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதுவதுதான் நேர்மை.

உறவற்ற மொழிகளை ஒப்பிடுவது வீண் வேலையும் அன்று. வேல்சில் 'இ டாட்' என்றால் அவனுடைய தந்தை, 'இ தாட்' என்றால் அவளுடைய தந்தை. சொல்லின் முதல் மெய் திரிவதே பொருளைப் பிரிக்கிறது. பர்மியத்தில் அந்தக் 'கோ'வின் ககரம் முன்சொல்லோடு ஒட்டும்போது மெலியும். தொண்டையில் வெட்டுண்டு முடியும் அசைக்குப் பின் வன்மையாகவே நிற்கும். நமக்கோ தந்த பலகை ஒருவர் கொடுத்தது, தந்தப் பலகை யானைக்கொம்பால் ஆனது. ஒற்று மிகுவதை வெறும் பிழைதிருத்தமாகப் பார்க்கும் மாணவருக்கு இந்த மூன்றையும் ஒன்றாகக் காட்டினால் புணர்ச்சி விதியின் உயிர் புரியும். இங்கே ஒற்றுமை ஒரு மொழி இயங்கும் வகையைக் காட்டுகிறது. பிறப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பள்ளத்தாக்கின் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். உடல் உறுப்பு, உறவுப்பெயர், எண், மரம், பறவை என இருநூறு சொற்களைத் தேர்ந்து, பளியர் பேச்சிலும் இங்குள்ள கன்னடத்திலும் தெலுங்கிலும் அவை எப்படி ஒலிக்கின்றன என்று, சொல்பவரின் ஊரும் வயதும் சேர்த்து, இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்யுங்கள். தொலைதூர மொழிகளுக்கு உறவு தேடும் முன் நம் மலையடிவாரத்துச் சொற்கள் ஏட்டில் ஏறட்டும்.