யாருடைய கோட்டை?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி மட்டும். உடனே கைப்பேசிகளில் சண்டை மூண்டது: கோட்டை தமிழருடையதா, மராத்தியருடையதா? ஒரு பக்கம் ஆனந்தக்கோன், மறுபக்கம் சிவாஜி.

செஞ்சி இந்தக் கேள்விக்குள் அடங்காது. கோன்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் அரணை நாயக்கர்கள் பெருக்கினார்கள். பிறகு பிஜப்பூர் சுல்தானியர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் மசூதியும் இங்கேதான் நிற்கின்றன. ‘யாருடையது?’ என்று கேட்டால் ஒற்றை உரிமையாளனைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். அவன் எப்போதும் ஆணாகவே இருக்கிறான்.

கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிராமங்கள் பாடிய தேசிங்குராஜன் கதை இதைவிட விரிந்த மனம் கொண்டது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டு மாண்ட தேசிங்கு தமிழனும் அல்ல, மராத்தியனும் அல்ல; புந்தேல ராஜபுத்திரன். அவனோடு சாகும் உயிர்த்தோழன் முஸ்லிம். மொழியும் மதமும் பாராமல் இருவரையும் தன் பிள்ளைகளாக்கிக்கொண்டது கதைப்பாடல்.

அந்த விரிவும் ஓரிடத்தில் சுருங்குகிறது. பாதுஷாவின் குதிரையை அடக்குவதைப் பாட அதற்கு நேரமுண்டு. தேசிங்கின் மனைவிக்கோ சிதைதான் உச்சக்காட்சி. அவளை ராணிபாய் என்கிறார்கள். அது பெயரா, பட்டமா? அவள் நினைவாகவே சாதத்துல்லா கான் ராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்பது வழக்கு. கணவனை வீழ்த்தியவர் மனைவிக்குச் செய்த மரியாதை அது. வாழ்ந்ததற்காக அல்ல, எரிந்ததற்காகக் கிடைத்த ஊர்ப்பெயர்.

இன்று அவளைப் பற்றிப் பேசுவோரும் இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள்: தெய்வம், அல்லது பாவம். கும்பிட்டாலும் இரங்கினாலும் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது. தோற்றவனின் விதவைக்கு அந்தக் கோட்டையில் வேறு என்ன வழி திறந்திருந்தது? சுற்றி நின்றவர்கள் யார்? அவள் சாவால் யாருக்கு என்ன லாபம்?

விவாதம் எளிமையாக்கப்படும்போது முதலில் உதிர்வது நுணுக்கம் என்பார்கள். செஞ்சியில் முதலில் உதிர்ந்தவள் ஒரு பெண். கோட்டை யாருடையது என்று அடுத்தமுறை எவரேனும் கேட்டால், மாணவிகளே, கல்யாண மகாலைக் காட்டிக் கேளுங்கள்: இங்கே வாழ்ந்தவர்கள் யார்?