குகைக்கு உறுதி எழுதலாமா?

மணிமேகலை பாடம் நடந்துகொண்டிருந்தது. மணிபல்லவம் என்பது நமக்கு அயலிலுள்ள நயினாதீவே எனக் கருதும் அறிஞர் உளர் என்று நாம் சொல்லி முடிக்குமுன் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அப்படியென்றால், சேர், இந்த நாட்டுக்கு முதல் வந்தது நாங்கள்தானே?" என்றான்.

அவன் கேட்டது சரித்திரக் கேள்வியன்று. காணி வழக்கில் எழும் கேள்வி. யாழ்ப்பாணத்தில் எல்லைச் சண்டை மூண்டால் இரு பகுதியாரும் பெட்டியைத் திறந்து உறுதியைத் தேடுவர். உறுதி போதாவிடின் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புவரை செல்வர். இலங்கையின் ஆதிக் குடியேற்றம் பற்றி இரு மொழிகளிலும் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இத்தகைய தோம்பு தேடலே. இத்தேடல் இன்று ஆதி மனிதனின் குகைவாயிலையும் எட்டிவிட்டது. ஆகவே, அக்குகைகள் உண்மையில் எதனைச் சொல்கின்றன என்று நோக்குவது ஆசிரியர்களாகிய நமது கடமையாகிறது.

களுத்துறை மாவட்டத்தில், புலத்சிங்களவுக்கு அண்மையில் உள்ளது பாஹியன் குகை. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகர் பாஹியன் அங்கு தங்கினார் என்பது கர்ணபரம்பரைக் கதை, அதற்குச் சான்றில்லை. ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்னரே அங்கு தங்கியோருக்குச் சான்றுண்டு. 1968இல் சிரான் தெரணியகல அங்கு அகழ்ந்தார். 1980களில் விஜயபால தொடர்ந்தார். இந்நூற்றாண்டில் ஒஷான் வெதகே முதலியோர் மீண்டும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 48,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பது இவ்வாராய்ச்சிகளால் தெரியவந்துள்ளது. குருவிட்டைப் பகுதியின் பட்டதொம்ப லென, கித்துல்கலையின் பெலி லென ஆகிய குகைகளும் முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வின் தடயங்களை உடையன.

இக்குகைகளை வைத்து விஞ்ஞானிகள் நடத்திய விவாதம் யாது? 1980களின் பிற்பகுதியில் மேல்நாட்டு மானிடவியலாளர் சிலர் ஒரு கருத்தை முன்வைத்தனர். மழைக்காடு பார்வைக்குப் பசுமையாயினும் மனிதனுக்கு வேண்டிய உணவு அங்கு அரிது. பயிர் செய்வோரின் துணையின்றி வேட்டுவர் அதனுள் நிலைத்து வாழ்ந்திருக்க முடியாது என்றனர். இலங்கைக் குகைகள் இதற்கு மறுப்பாயின. அங்கு கிடைத்த மனிதப் பற்களில் உள்ள காபனின் வகைகளை அளந்த ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. இருபதினாயிரம் ஆண்டுகளாக அம்மக்கள் பெரும்பாலும் காட்டுணவையே நம்பி வாழ்ந்தனர் என அது காட்டியது. பாஹியன் குகையின் எலும்புகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் மரமேறும் குரங்குகளையும் அணில்களையும் திறமையாக வேட்டையாடியதை எடுத்துரைத்தது. குரங்கின் எலும்பையே கூராக்கி அம்புமுனை செய்தனர் என்றும், வில்லம்புக்கு ஆபிரிக்காவுக்கு வெளியே அன்றுவரை அறியப்பட்ட மிகப் பழைய சான்று இதுவே என்றும் 2020இல் ஆய்வாளர் கூறினர்.

விஞ்ஞானிகள் விவாதித்தது மனிதன் எதை உண்டான், எக்கருவியால் உழைத்தான் என்பதைப் பற்றி. நம்மவர் விவாதிப்பதோ அவன் எந்த இனத்தவன் என்பதைப் பற்றி. முன்னதற்குக் குகை விடை தருகிறது. பின்னதற்குத் தர அதனால் இயலாது. எலும்பு மொழி பேசுவதில்லை. இலங்கையில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அக்கால அளவைப்போல் இருபது மடங்கு பின்னே நிற்கும் ஒருவனைத் தமிழனென்றோ சிங்களவனென்றோ அழைப்பது பிறவாத பிள்ளைக்குச் சாதகம் கணிப்பதாகும்.

எமது தீவில் அத்தகைய மலைக்குகைகள் இல்லை. சுண்ணாம்புக்கல் தரையும் பவளக்கல் வேலிகளுமே உள்ளன. எனினும் அக்குகைகளுக்கும் கடற்கரைக்கும் உறவுண்டு. கடலிலிருந்து தொலைவிலுள்ள அக்காட்டுக் குகைகளில் கடற்சிப்பி மணிகள் கிடைத்துள்ளன. கரையில் யாரோ பொறுக்கிய சிப்பி, கை மாறியோ ஒருவர் சுமந்தோ காட்டுக்குள் சென்றிருக்கிறது. இன்னுமொன்று: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்திலிருந்தபோது, கடல் இன்றைய மட்டத்துக்கு 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. பாக்கு நீரிணை அன்று தரை. நெடுந்தீவு தீவாக இருக்கவில்லை. குறிகாட்டுவானுக்கு நடந்தே போயிருக்கலாம், இராமேசுவரத்துக்கும் அவ்வாறே. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் ஏறிவந்த கடல் இறுதியாக இலங்கையைத் துண்டித்தது. கடலே இல்லாத காலத்தில் கடல்கடந்து வந்தவன் யார், வராதவன் யார்?

இவ்வுண்மையின் முன் இரு பகுதியாரின் கதைகளும் நிற்கமாட்டா. விஜயனும் எழுநூறு தோழரும் வந்திறங்கியதுடன் நாட்டின் சரித்திரம் தொடங்குவதாக மகாவம்சத்தைக்கொண்டு வாதிப்போர் உளர். அவரைக் கண்டிக்கும் நம்மவரோ குமரிக்கண்டத்தைத் துணைக்கழைப்பர். அக்கண்டத்துக்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் லெமூரியா, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்படுவதை விளக்க 1864இல் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர் புனைந்த ஊகம். கண்டங்கள் நகர்வதை நிலவியல் நிறுவியபின் அவ்வூகம் கைவிடப்பட்டது. பிறர் கற்பனையைப் பொய்யென்று சொல்லி நமது கற்பனையை மெய்யென்று சொல்வது பகுத்தறிவாகாது.

எமது தீவின் வெடியரசன் கோட்டையில் பவளக்கல்லாலான தூபிகளின் எச்சங்கள் உள்ளன. தூபி உண்டு, ஆகவே சிங்களவர் நிலம் என்பார் ஒருவர். தூபியைப் பற்றிப் பேசாதே என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்: பௌத்தம் என்றால் சிங்களம் என்று கொள்கின்றனர். நமது வகுப்பறையில் விரிந்துகிடந்த மணிமேகலை பௌத்தக் காப்பியம் என்பதை இருவரும் மறந்துவிட்டனர்.

பேராசிரியர் கா. இந்திரபாலாவின் நேர்மையை இங்கு குறிப்பிடவேண்டும். 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வின் முக்கிய முடிவுகளை அவர் 2005இல் வெளியிட்ட நூலில் தாமே திருத்தினார். சிங்களவர், தமிழர் ஆகிய இரு சாராரும் பெருமளவில் இத்தீவின் வரலாற்றுக்கு முற்பட்ட மக்களின் வழிவந்தவரே. மொழிகள் பரவி நிலைபெற்றபோது வெவ்வேறு இனக்குழுக்களாக உருப்பெற்றனர் என்பது அந்நூலின் சாரம். பழைய முடிவைக் கைவிடத் துணிந்த இம்மனப்பான்மையே ஆராய்ச்சியின் உயிர்.

ஆனால் ஒரு மறுப்பு எழக்கூடும். "நிலத்தை இழப்பவன் தன் பழைமையைச் சொல்லாமல் வேறெதைச் சொல்வான்?" இம்மறுப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென 2020 யூனில் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அகழ்வாராய்ச்சி அதிகாரத்தின் கருவியாகும்போது மக்கள் அஞ்சுவது இயல்பே. அடக்குபவனையும் அடக்கப்படுபவனையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியன்று. எனினும் உரிமை என்பது பழைமையின் பரிசிலன்று. உழைத்து வாழ்பவனுக்கு அவன் உழும் நிலத்திலும் வலைவீசும் கடலிலும் உரிமையுண்டு. அவன் பாட்டன் எப்போது வந்தான் என்பதைப் பொறுத்ததன்று அது.

பழைமையே உரிமை தருமாயின், வேடருக்கு அல்லவோ அது முதலில் கிடைத்திருக்கவேண்டும்? குகைகளில் கிடைத்த எலும்புக்கூடுகளுக்கும் வேடருக்கும் உடலமைப்பில் ஒற்றுமையுண்டு என மானிடவியலாளர் கென்னத் கென்னடி காட்டினார். ஆனால் 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடே அவர்களுக்கு விலக்கப்பட்ட நிலமாயிற்று. முதலில் வந்தவர் யாரென்று பெரிய சமூகங்கள் இரண்டும் வழக்காடின. அவ்வழக்கில் வேடர் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. "முதல் வந்தவர்" என்ற கோஷம் உண்மையில் யாருக்குப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, குகைக்கு உறுதி எழுதும் வேலையை நாம் நிறுத்துவோம். வந்தவர் யார் என்பதற்குப் பதிலாக, வாழ்ந்தது எப்படி என்று கேட்க மாணவரைப் பழக்குவோம்.

அடுத்த பாடவேளையில் அம்மாணவனிடம் நாம் குகையில் கிடைத்த சிப்பி மணிகளைப் பற்றிச் சொன்னோம். "அதைக் காட்டுக்குள் கொண்டுபோனவன் யாராக இருப்பான்?" என்று கேட்டோம். தமிழனென்றோ சிங்களவனென்றோ அவன் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "சம்மாட்டியாய் இருக்கமாட்டான், சேர். சுமக்கிறவனாய்த்தான் இருப்பான்."