முதுமையின் நிறங்கள்: தாகூரின் ஓவியங்களை முன்வைத்து

நம் பிரசங்கங்களில் இரவீந்திரநாத் தாகூர் அடிக்கடி வருகிறார். ஆயினும் கீதாஞ்சலியின் தாகூராக மட்டுமே வருகிறார். வெண்தாடியும் அமைந்த விழியும் கொண்ட அம்முதியவரைச் சாந்தமான முதுமைக்குச் சான்றாக நிறுத்திவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுகிறோம். அவர் தீட்டிய ஓவியங்களைக் கண்டபின் அவ்வாறு எளிதாகக் கடந்துபோக இயலாது.

1861-இல் பிறந்த தாகூர் ஓவியத்தில் முழுமையாக இறங்கியபோது அவருக்கு வயது அறுபத்தேழளவு. அதற்கு முன்னரே, 1924-இல் 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில், அடித்த சொற்களைக் கோடுகளால் இணைக்கப்போய் விந்தை உருவங்கள் எழுந்தன. 1930-இல் பாரிசில் முதற்கண்காட்சி. 1941-இல் மறைவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள்!

அனைத்தும் சிறந்தவையல்ல. முறையான பயிற்சியின்மை பல இடங்களில் வெளிப்படுகிறது. சில வெறும் விளையாட்டே. ஆனால் அப்பெண் முகங்கள் வேறு வகையின. நீண்ட முட்டை வடிவம், அடர்ந்த பழுப்பு, நெற்றியிலோ கன்னத்திலோ திடீரென ஒரு மஞ்சள். கண்கள் நம்மை நோக்குகின்றன, எதையும் கேட்பதில்லை. படங்களுக்குப் பெயரிடவும் அவர் பெரும்பாலும் மறுத்தார். கவிதையில் இசைவாக அடங்கிய துயரம் இங்கு அடங்காமல் நிற்கிறது. பிரசங்கி பன்னிரண்டாம் அதிகாரத்தை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றலாகாது.

1937-இல் நோயுற்று நினைவிழந்த தாகூர், தெளிந்ததும் தூரிகையும் வண்ணமும் கேட்டு ஓர் இயற்கைக் காட்சியைத் தீட்டினார்: இருண்ட மரங்கள், அவற்றினூடே மஞ்சள் ஒளி. அவ்வொளியை உடனே உயிர்த்தெழுதலின் அடையாளமாக்கப் போதகரின் நா துடிக்கும். சற்றுப் பொறுப்போம். அப்படத்தில் இருள் அகற்றப்படவில்லை. ஒளியும் இருளும் அருகருகே இருக்கின்றன. அவசர விளக்கம் ஓவியத்தையும் கெடுக்கும், அம்முதியவரையும் மறைத்துவிடும்.

வளவனூரில் மூத்தோர் சிலருக்கு இவற்றின் அச்சுப்படிகளைக் காட்டினேன். பலர் மரியாதைக்காகப் பார்த்தனர். ஒருவர் இது பிள்ளைகள் கிறுக்கியது போலிருக்கிறதே என்றார். கைம்பெண்ணான ஒரு தாயார் மட்டும் ஒரு பழுப்பு முகத்தை நெடுநேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு, "ஐயரே, இந்த அம்மா தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார்.

பதினோர் ஆண்டுகளாக அவர் இல்லத்தில் ஜெபித்து வந்திருக்கிறேன். தமக்கும் இரவில் உறக்கமில்லை என்பதை அவர் என்னிடம் கூறியது அன்றுதான்.