யாரோ பழக்கிவைத்த பேஸ்

முதன்முதலாக ஒரு வாத்தியம் வாங்கலாமென்று யார் என்னிடம் வாயைத் திறந்தாலும் பதில் தயாராக இருக்கிறது: பேஸ் கிட்டார் வாங்குங்கள், அதையும் பழசாகப் பார்த்து வாங்குங்கள். என் தொல்லை தாங்காமல் நண்பர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். நான் விடுவதாக இல்லை.

என்னுடையது, சென்னையில் மெல்லிசைக் கச்சேரிகளில் வருஷக்கணக்காக வாசித்தவரிடமிருந்து பாதி விலைக்கு வந்தது. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை அச்சுப்பிசகாமல் பார்த்துச் செய்த கறுப்புக் கிட்டார், அவ்வளவுதான். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த அந்த 34 அங்குலக் கம்பிநீளம், நான்கு கம்பி என்ற அமைப்பைத்தான் உலகம் இன்னும் சுற்றிச்சுற்றி வருகிறது. ஆனால் நான் மயங்கியது வேறொன்றில். பிக்கப்பின் மேல் விளிம்பில், எனக்கு விற்றவர் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் விரலை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! கை எங்கே நிற்கவேண்டும் என்ற முதல் பாடம் அங்கேயே முடிந்தது. எந்தப் புது கிட்டார் இதைத் தரும்?

“வாசிச்சுப் பார்க்காம விலை பேசாதீங்க தம்பி” என்றார்.

“எனக்கு வாசிக்கவே தெரியாதே சார்.”

“தெரிய வேண்டாம். ஒவ்வொரு ஃபிரெட்டா அழுத்திக்கிட்டே போங்க. எங்கயாவது கரகரன்னா காதுக்கே தெரியும்.”

எவ்வளவு பெரிய மனசு! விற்கிறவரே குறை கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிறார். நான்கு கம்பியிலும் ஃபிரெட் ஃபிரெட்டாகப் போனேன். பிறகு நெக்கைப் பார்க்கச் சொன்னார். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் எட்டிப்பார்த்தால், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே மெல்லிய அட்டை நுழையுமளவு சந்து தெரியவேண்டும். அதிகம் வளைந்திருந்தால் உள்ளே ஓடும் டிரஸ் ராடைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம். திருகவே இடமில்லாமல் அது இறுகிக் கிடந்தாலோ, நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மற்றதெல்லாம் சில்லறை விஷயம். வால்யூம் குமிழ் கொரகொரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். கடல்காற்று ஊரில் பிரிட்ஜ் திருகுகள் துருப்பிடித்திருக்கும், அவை திரும்புகின்றனவா என்று மட்டும் ஆலன் கீ போட்டுப் பார்த்துவிடுங்கள். பேட்டரி கேட்கும் ஆக்டிவ் ரகங்களின் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். கை சிறிதென்று பயப்படுகிறவர்கள் 30 அங்குல ஷார்ட் ஸ்கேலைத் தேடலாம். பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த அளவுதான்.

சரி, ஏன் பேஸ்? கிட்டார் கற்கப்போனவர்கள் எஃப் கார்டில் விரலை மடக்கத் தெரியாமல் அழுதுகொண்டிருக்கும்போது, நீங்கள் ஒற்றை விரலால் ஒற்றை ஸ்வரத்தைத் தாளத்தில் வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாட்டோடு சேர்ந்துவிடலாம். விரல்நுனி கொப்பளிக்கத்தான் செய்யும், கம்பி அத்தனை தடிமன். ஆனாலும் அந்த முதல் நாளே நீங்கள் குழுவில் ஒருவர்! அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அறுந்தாலொழியக் கம்பியை மாற்றவும் மாட்டாராம். பழைய கம்பியின் அந்த மொத்தென்ற நாதம் ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அதைவிட, காதே மாறிப்போனது. 1982இல் வந்த ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டை எத்தனையோ முறை கேட்டவன்தான். அடியில் பேஸ் தனியாக இன்னொரு மெட்டுப் பாடிக்கொண்டு போவது இப்போதுதான் கேட்கிறது. இளையராஜா பாட்டு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன மனுஷர்!

திறந்த ஈ கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த அதிர்வுக்குச் சுவரெல்லாம் ஒரு தடையே இல்லை. கீழ்வீட்டு மாமி மாடியேறி வந்து, “என்னப்பா, தண்ணி மோட்டார் ராத்திரியும் ஓடுது?” என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு ஒரு பாட்டு வாசித்துக் காட்டினேன். மறுநாளே ஹெட்ஃபோன் வாங்கிவிட்டேன்.